கூப்பிட்டால் இறங்கி வந்த வாத்துகள்

கால்நடை மருந்தகத்தில் நீங்கள் பொறுப்பேற்ற சில மாதங்களுக்குள் யாராவது ஒருவர் வந்து கேட்பார்: "வாத்து பறக்குமா?" கல்லூரியில் இந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, நாய்க்குத் தடுப்பூசி என்று நாள் ஓடும்போது வாத்தைப் பற்றி யோசிக்க நேரமும் இருக்காது. எனக்கும் இருந்ததில்லை.

பதில், எந்த வாத்து என்பதைப் பொறுத்தது. வெள்ளை வாத்து தன் கனத்தால் தரையை விட்டு ஒரு முழம் எழும்பாது. முட்டைக்காக வளர்க்கும் காக்கி நிற வாத்து மிரண்டால் தாவிக் குட்டைச் சுவரைத் தாண்டும், அதற்கு மேல் போகாது. வயலில் மந்தையாக மேயும் நாட்டு வாத்தும் ஏறக்குறைய அப்படித்தான். மணிலா வாத்து வேறு மாதிரி. முகத்தில் சிவப்பாக மரு மருவாக இருக்கும். கத்தத் தெரியாது, ஒரு சீறல்தான் வரும். சேவல் கனம், பெரிதாகப் பறக்காது. பெட்டையோ கூரை, மரம், வாய்க்கால் எல்லாவற்றையும் தாண்டும். விரலில் நகம் உண்டு என்பதால் கிளையைப் பிடித்து உட்காரவும் செய்யும். எத்தனை தலைமுறை வீட்டிலேயே பிறந்து வளர்ந்தாலும் அந்தப் பறப்பு அதை விட்டுப் போகவில்லை.

பறக்காமல் இருக்க, ஒரு பக்கத்து இறக்கையில் மட்டும் நீள இறகுகளை நறுக்கிவிடுவார்கள். நகம் வெட்டுவது போலத்தான், வலிக்காது. இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்வரை வாத்து தரையிலேயே இருக்கும்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லோயர் கேம்ப் குடியிருப்பு ஒன்றில் வளர்த்த மணிலா வாத்துக்கு இறகு வெட்டப் போய், முழுதாக வளராத இறகைப் பார்க்காமல் நறுக்கிவிட்டேன். வளரும் இறகுக்குள் ரத்தம் ஓடும். என் சட்டை, அந்த வீட்டுத் தரை, வாத்தைப் பிடித்திருந்த வீட்டுக்கார அம்மாவின் கை எல்லாம் சிவப்பானது. வாத்து பிழைத்துக்கொண்டது. அதன் பிறகு நான் எந்தப் பறவையின் இறகிலும் கத்தரி வைக்கவில்லை. யார் கேட்டாலும் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழித்தேன். அந்தக் காரணங்கள் எல்லாம் நியாயமாகவும் இருந்தன. நம் பழைய பயத்துக்கு ஆலோசனை என்று பெயர் வைத்துப் பிறருக்குக் கொடுக்கிறோம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஜெபமாலை என்னிடம் வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். என்னைவிட நாலைந்து வயது இளையவள். மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். தினமும் விடிவதற்கு முன் ஜீப்பில் பதினைந்து பேரோடு நெருக்கிக்கொண்டு ஏறிப் போய்ச் சாயங்காலம் இறங்குவாள். ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் ஜீப் புரண்டு இடுப்பெலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். அதன் பிறகு தோட்டத்துச் சரிவில் நிற்க முடியவில்லை. கணவன் அதற்கு முன்பே இறந்துவிட்டான். மகள் கட்டப்பனைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

முதலில் அவள் வளர்த்தது வெள்ளை வாத்து. ஒருநாள் பகலில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் தெரு நாய்கள் புகுந்து அத்தனையையும் கடித்துப் போட்டுவிட்டன. அடுத்து மகள் மலையிலிருந்து நாலு மணிலா வாத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவை பெருகின. ராத்திரி கூண்டில் அடைப்பாள், காலையில் முட்டை எடுத்துவிட்டுத் திறந்துவிடுவாள். ஒருநாள் இரண்டு பெட்டைகளைக் கூடையில் போட்டு மருந்தகத்துக்குத் தூக்கி வந்தாள்.

"டாக்டரம்மா, இதுக றெக்கைய வெட்டி விட்டுருங்க. பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி மேல போயி உக்காந்து அசிங்கம் பண்ணுதுக. அந்த அண்ணன் நேத்து கல்லத் தூக்கிட்டாக."

நான் வழக்கம் போல மறுத்தேன். "வெள்ளை வாத்து ஏன் செத்துச்சு? பறக்கத் தெரியாம. இதுக்குப் பறக்கத் தெரியும், நாய் வந்தா மரத்துல ஏறிக்கும். அதப் போயி வெட்டச் சொல்றியே ஜெபமாலை."

அவள் யோசித்தாள். "அதுவும் சரிதான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினேன். திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர், நல்ல மனுஷர். தொட்டிக்குத் தகர மூடி போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் வீட்டில் இறங்குவேன். அவள் அலுமினியத் தட்டில் அரிசிக் குருணையைப் போட்டு விரலால் தட்டி, "வாங்கடி, வாங்கடி" என்பாள். வாகை மரத்திலிருந்தும் ஓட்டின் மேலிருந்தும் ஒவ்வொன்றாக இறங்கி வந்து அவள் காலைச் சுற்றி நிற்கும். நாய்க்கு அதன் பிறகு ஒன்றுகூடப் பலியாகவில்லை. பயிற்சி வகுப்புகளில் இதை என் வெற்றியாகச் சொல்லியிருக்கிறேன். உங்களில் யாருக்காவது நினைவிருக்கலாம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய பனிக்காலத்தில் அந்த ஊருக்குக் கிழக்கே இருந்த கோழிப்பண்ணையில் கோழிகள் கும்பல் கும்பலாகச் செத்தன. மாதிரி எடுத்து அனுப்பினோம். பறவைக் காய்ச்சல் என்று முடிவு வந்தது. பண்ணையைச் சுற்றி வரைபடத்தில் வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் இருக்கும் எல்லாப் பறவையையும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அழிக்க வேண்டும். வட்டத்தின் கோடு ஊருக்கு மேற்கே ஓடும் வாய்க்காலை ஒட்டி விழுந்தது. ஜெபமாலையின் வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கடைசி வீடு.

உத்தரவு வந்த அன்று மதியம் அவள் போன் செய்தாள்.

"டாக்டரம்மா, வட்டம் போட்டிருக்காகளாமே. நம்ம வீடும் வருதா?"

அவள் பெயர் இருந்த பட்டியல் என் மேஜை மேல் கிடந்தது. பத்தொன்பது வாத்து என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

"பாக்குறேன் ஜெபமாலை" என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இதுவாகக்கூட இருக்கலாம். தெரிந்த ஒன்றைப் பற்றிப் "பார்க்கிறேன்" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு முழு ராத்திரி நம்பியிருக்கிறாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றோம். எந்தத் தெரு முதலில் என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். எங்களோடு இருந்த உதவியாளர் என்னைவிட வயதில் மூத்தவர். மருந்தகத்தில் மாடு பிடிப்பதிலிருந்து எல்லா வேலையும் பார்த்தவர், அதிகம் பேசாதவர். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மேடம், வாத்து இருக்குற வீட்ட மொதல்ல முடிச்சிருவமா? இப்பப் போனா கூண்டுக்குள்ள இருக்கும். தெறந்து விட்டாகன்னா பிடிக்கிறது செரமம்."

"கோழி நெறைய இருக்குற தெருவ மொதல்ல முடிப்போம்" என்றேன்.

நியாயமான காரணமாகத்தான் பட்டது, கேட்டவர்களும் ஒப்புக்கொண்டார்கள். உண்மையான காரணம், அவள் முகத்தை அந்த நாளின் கடைசிக்குத் தள்ளிப்போட விரும்பினேன். அன்று நான் செய்த பிழை இதுதான். அதன் பிறகு நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பகல் முழுதும் வீடு வீடாகப் போனோம். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர் சண்டைச் சேவலை மடியில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றார், பிறகு அவரே விட்டார். அதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. நாலு மணிக்கு ஜெபமாலை வீட்டு வாசலுக்கு வந்தோம்.

அவள் வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தாள். வாத்துகள் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. நான் முகமூடியோடு இருந்தும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"பாக்குறேன்னீகளே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நான் பதில் சொல்வதற்குள் எங்கள் ஆட்கள் சாக்கோடு உள்ளே நுழைந்துவிட்டார்கள். வெள்ளை உருவங்களைக் கண்டதும் வாத்துகள் மிரண்டன. சேவல் நாலும் சுவரோரம் முட்டிக்கொண்டு நின்றன, பிடித்துவிட்டோம். பெட்டைகள் பதினைந்தும் ஒரே நேரத்தில் எழும்பின. பாதி ஓட்டின் மேல், பாதி வாகை மரத்தில். ஒன்று மட்டும் வாய்க்கால் பக்கத்துச் சுவரில் போய் உட்கார்ந்து கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தது. அங்கே நாற்று நட்ட வயல், வயல் முழுக்கக் கொக்கு. அதற்கப்பால் அடுத்த ஊர்.

எங்களிடம் ஒரே ஒரு கோழி வலை இருந்தது. அதை வீசியதில் இரண்டு இன்னும் உயரமான கிளைக்குப் போயின.

உதவியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், எல்லாரும் வெளிய போயிருவோம். இந்த உடுப்பப் பாத்துத்தான் மெரளுது. பொழுது எறங்குனா அதுகளாவே கூண்டுக்கு வந்துரும். நானும் அந்தம்மாவும் மட்டும் இருக்கோம். வந்ததும் கூண்டச் சாத்திர்றேன்."

அப்போது போன் அடித்தது. மேலதிகாரி. அவரும் காலையிலிருந்து சாப்பிடாதவர். "ஒண்ணு வாய்க்கால் தாண்டுனாலும் வட்டத்தப் பெருசாக்கச் சொல்லுவாக. அந்தப் பக்கம் எத்தன வீடுன்னு உங்களுக்குத் தெரியும். இன்னும் முடியலையா?"

சூரியன் மலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. சுவரில் இருந்த வாத்து இறக்கையை ஒருமுறை விரித்து மடக்கியது. காத்திருந்தால் எல்லாம் கூண்டுக்கு வந்திருக்கலாம். அது வாய்க்காலைத் தாண்டியிருக்கவும் செய்யலாம். எது நடந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. இந்த வேலையில் நீங்கள் எடுக்கும் பல முடிவுகள் இப்படித்தான் இருக்கும். சரியா தவறா என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

நான் ஜெபமாலையிடம் போனேன்.

"நீ கூப்பிட்டா வரும்ல?"

"வரும்."

"கூப்பிடு ஜெபமாலை."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வெட்டி விடுங்கன்னு அன்னைக்கே கூடையில தூக்கிட்டு வந்தேன். பறந்தாத்தான் பொழைக்கும்னீக. இப்பப் பறந்துருச்சுக. விட்டுருங்களேன்."

"அது வாய்க்காலத் தாண்டுச்சுன்னா அங்கன இருக்குற வீட்டுக்கெல்லாம் நாங்க போகணும். உன்ன மாதிரி எத்தனையோ பேரு கோழி வச்சிருக்காங்க."

சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, இதற்கு அவளால் மறுப்புச் சொல்ல முடியாது என்று. தெரிந்துதான் சொன்னேன்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போய்த் தட்டில் குருணை போட்டுக்கொண்டு வந்தாள். "இவுகள அங்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். ஆட்களை வீட்டுக்குப் பின்னால் அனுப்பினேன். நான் கதவோரம் நின்றேன்.

தட்டைத் தட்டினாள். "வாங்கடி, வாங்கடி."

ஓட்டின் மேலிருந்தவை முதலில் இறங்கின. பிறகு மரத்திலிருந்து ஒவ்வொன்றாக. நான் குனிந்து ஒன்றைப் பிடிக்கப் போனேன்.

"நீங்க பிடிக்காதீக. பயத்துல மொரட்டுத்தனமாப் பிடிச்சு றெக்கைய ஒடிச்சிருவீக. நான் தாரேன்."

இடுப்பில் கம்பி இருப்பவள். ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக் குனிந்து, வாத்தை நெஞ்சோடு அணைத்து, தலையை ஒருமுறை தடவி என் கையில் கொடுத்தாள். நான் பின்பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே வேலை முடிந்தது. மணிலா வாத்து கத்தாது என்று சொன்னேன் அல்லவா. அதனால் முன்பக்கம் இருந்தவற்றுக்கு எதுவும் தெரியவில்லை. அவை குருணை கொத்திக்கொண்டிருந்தன.

பதினான்கு முடிந்தது. சுவரில் இருந்தது மட்டும் இறங்கவில்லை. அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். அது திரும்பிப் பார்த்தது, அசையவில்லை. மூன்றாம் முறை வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். தட்டைக் கல்லின் மேல் வைத்தாள்.

"இதுக்கு மேல எனக்கு ஆகாது டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உதவியாளர் பின்னாலிருந்து வந்து நின்றார். போன் மறுபடி அடித்தது, நான் எடுக்கவில்லை. முகமூடியைக் கழற்றினேன். வெள்ளை உடுப்பின் தலைமூடியைப் பின்னால் தள்ளினேன். செய்யக்கூடாது, நீங்களும் செய்யாதீர்கள். பிறகு கல்லின் மேலிருந்த தட்டை எடுத்து விரலால் தட்டினேன்.

"வாங்கடி, வாங்கடி" என்றேன். அவள் சொல்லும் அதே இழுப்பில். எத்தனையோ முறை கேட்டிருந்ததால் சரியாகவே வந்தது.

அது இறக்கையை விரித்து என் முன்னால் வந்து இறங்கியது.

கதவுக்குப் பின்னால் அவள் என் குரலைக் கேட்டிருப்பாள்.

நோய் அந்த வட்டத்தைத் தாண்டவில்லை. அடுத்த ஊர்களில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. எங்கள் குழுவைப் பாராட்டிக் கடிதம் வந்தது. ஜெபமாலையின் வாத்துகளுக்கு நோய் இருந்ததா என்று கேட்பீர்கள். அழித்தவற்றில் ஒவ்வொன்றையும் சோதிப்பதில்லை. எல்லாம் ஒரே குழியில் போய்விட்டன. உதவியாளர் அன்று குழியை மூடி முடிக்கும்வரை என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு வார்த்தை, "வண்டி வந்துருச்சு மேடம்" என்றார். எனக்குச் சில மாதங்கள் முன்பே அவர் ஓய்வு பெற்றார். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவர் சொன்னதைக் காலையிலும் கேட்கவில்லை, சாயங்காலமும் கேட்கவில்லை. அதைப் பற்றி அவரிடம் எப்படிப் பேசுவது?

பறவை வளர்க்கப் போட்டிருந்த தடை நீங்கியதும் ஆறு வாத்துக் குஞ்சு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வெள்ளை ரகம், பறக்காதது. அவள் அட்டைப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"கூப்பிட்டா வர்றது எதுவும் எனக்கு இனி வேணாம் டாக்டரம்மா. எடுத்துட்டுப் போங்க. தண்ணி குடிக்கிறீகளா?"

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். கூண்டை ஏற்கெனவே பிரித்து விறகாக அடுக்கியிருந்தாள்.

அதன் பிறகு அவள் மறுபடி தோட்டத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சரிவில் நிற்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று விசாரித்தேன். காய் தரம் பிரிக்கிற கொட்டகையில் உட்கார்ந்து செய்கிற வேலை என்றார்கள். ஆனால் ஜீப் பயணம் அதே பயணம்தான், அதே வளைவுகள்தான்.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் ஒருநாள் காலை கம்பத்துக்குப் போவதற்காகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். தோட்ட ஜீப்புக்காக அவளும் அங்கே நின்றாள். கையில் தூக்குவாளி. இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு.

"நல்லா இருக்கீகளா டாக்டரம்மா" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

நெடுநாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "அன்னைக்குக் காலையில மொத வீடா உன் வீட்டுக்கு வந்திருக்கணும் ஜெபமாலை. ஒன் மொகத்தப் பாக்கப் பயந்துக்கிட்டுக் கடைசியா வந்தேன்."

"காலையில வந்திருந்தா கூண்டோட தூக்கியிருப்பீக" என்றாள். "நான் அழுதிருப்பேன். ஒங்களத் திட்டியிருப்பேன். அம்புட்டோட போயிருக்கும்."

ஜீப் வருகிற சத்தம் கேட்டது. அவள் தூக்குவாளியை அடுத்த கைக்கு மாற்றினாள்.

"நான் கூப்பிட்டுக் குடுத்தத மாதா கோயில் சாமியாருகிட்டப் போயி பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். இது பாவத்துல சேராது, நீ நாலு ஊரக் காப்பாத்தியிருக்கன்னாரு. சாமியாரு நல்லவருதான். அவரு எதையும் வளத்தவரு இல்ல."

ஜீப் நின்றது. உள்ளே ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் அவளுக்காக இன்னும் கொஞ்சம் நெருங்கினார்கள். காலைத் தூக்கி வைக்க முடியாமல் அவள் திணறியபோது நான் கை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு ஜீப்பின் கம்பியைப் பிடித்துத் தானாகவே ஏறிக்கொண்டாள்.